பளிச் பிடிக்காத அக்கா

"கத்தி மாதிரி இருக்கு இன்ஜினியரம்மா. தொட்டா கையை வெட்டிரும்."

கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் மூச்சு வாங்கி ஒரு வீட்டின் படத்தை முடித்துக் காட்டியதும் அக்கா சொல்லும் முதல் வார்த்தை இதுதான். நான் எட்டிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது. சுவர் சுவராக இருக்கும், ஜன்னல் ஜன்னலாக இருக்கும், மூலைகள் நூல் பிடித்த மாதிரி நிற்கும். நான் சிவில் இன்ஜினியர். ஒரு தூண் அரை அங்குலம் விலகினாலும் எனக்குச் சோறு இறங்காது. அக்காவுக்கோ நூல் பிடித்த மாதிரி இருப்பதுதான் குற்றம்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். கட்டப்போகிற வீட்டை முன்கூட்டியே போட்டோ மாதிரி காட்டும் படத்துக்கு எங்கள் பக்கத்தில் எலிவேஷன் என்று பெயர். பிளானை விரித்துக் காட்டினால் பாதிப் பேர் அதைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். எலிவேஷனைக் காட்டினால்தான் வீடு கட்டும் ஆசையே வரும். அந்தப் படங்களை அக்கா செய்தார், வீடுகளை நான் கட்டினேன். புயல் வந்து தென்னைகளைச் சாய்த்துப் போட்டதற்கு அடுத்த வருடம் வேலைக்குச் சேர்ந்தவர், சில வருடங்கள் என்னோடு இருந்தார். இப்போது மகனோடு ஓசூரில் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னபோது, "எழுதுங்க, பேரை மட்டும் போட்றாதீங்க. பளிச்சுன்னு தெரியும்" என்றார். போடவில்லை.

படம் வந்த பிறகு அவர் செய்யும் வேலையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் கறுப்பைப் பிடிப்பார். "எந்த நெழலும் இம்புட்டுக் கறுப்பா இருக்காது" என்று சொல்லிக்கொண்டே திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கோட்டை லேசாக வளைப்பார். கறுப்பு இளகிச் சாம்பலாகும். அடுத்தது வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி கண்ணைக் குத்திக்கொண்டிருந்த சுவர், பழைய வேட்டியின் நிறத்துக்கு இறங்கும். பிறகு அந்தப் படத்துக்கே இன்னொரு பிரதி எடுத்து, அதை முழுக்கக் கலங்கலாக்கி, முதல் படத்தின் மேல் மெல்லிசாகப் போர்த்துவார். அப்போதுதான் அந்த அதிசயம் நடக்கும். ஜன்னல் வெளிச்சம் சட்டத்துக்குள் அடங்காமல் சுற்றிலும் கசியும். வெளிச்சம் முடிகிற ஓரத்தில், பழைய பிலிமில் வருமே, அதுபோல ஒரு துளி சிவப்பு வைப்பார். கடைசியில் மணல். மணல் என்று அவர் சொன்னது பிலிம் படங்களில் பொடிப்பொடியாகத் தெரியும் துகள்களை.

"மணல் இல்லாட்டி பாக்குறவங்க கண்ணு வழுக்கி விழுந்துரும் இன்ஜினியரம்மா."

அதைச் சொல்லும்போது வலது கை விரல்கள் தானாகக் கூடும், குழம்பில் உப்புப் போடுகிற மாதிரி.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. கல்யாணத்துக்கு முன்பே புதுக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் செய்துகொண்டிருந்தாராம். கோவிலில் முதன்முதலாக நற்கருணை பெறும் நாளில், புதுநன்மை வாங்குகிற பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுதிரியோடு வந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைச் சுற்றி ஒரு மென்மையான ஒளியைப் போட்டுத்தான் பழகினாராம். "புள்ளைங்களுக்குப் போட்டது வீட்டுக்கும் பொருந்துது" என்றார்.

பொருந்துவதாக அக்கா நினைத்தார். வீடு கட்டுகிறவர்கள் நினைக்கவில்லை. அவர்களுக்கு நீல வானம் வேண்டும், வாசலில் சிவப்புக் கார் வேண்டும், புல் பச்சை ரப்பர் மாதிரி இருக்க வேண்டும். கீரமங்கலத்துப் பூ வியாபாரி ஒருவர் அக்கா செய்த படத்தைத் தன் போனில் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் போனை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மேடம், வீடு நல்லாத்தான் இருக்கு. பனி விழுந்த மாதிரி இருக்கே, அதைக் கொஞ்சம் தொடச்சுட்டு அனுப்ப முடியாதுங்களா?"

அக்கா சிரித்துக்கொண்டே, "பனி நாளைக்கு வெலகிரும்ணே" என்றார். மறுநாள் நீல வானமும் சிவப்புக் காருமாக ஒன்றை அனுப்பிவைத்தோம். அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சிவப்புக் காருக்கு அக்கா 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார். "மாப்பிள்ளையக் கொண்டாந்து நிறுத்தவா?" என்று அவர் கேட்டால் எங்கள் கொள்கை தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

இப்படி ஆளாளுக்கு மங்கல் மங்கல் என்று சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அக்காவுக்குக் கண் சரியில்லையோ? நேரடியாகக் கேட்டால் வருத்தப்படுவார். எனக்குத்தான் கண் வலி என்று சொல்லிப் புதுக்கோட்டை கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போனேன். வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று உள்ளே தள்ளினேன். அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்திருக்கிறார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அவங்களுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் கண்ணாடி வேண்டும் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் எதற்காக அழைத்துப்போனேன் என்று அவருக்குப் போகும்போதே தெரியுமாம்.

கண்ணாடி வந்த அன்று கேட்டார். "இப்ப ஒலகம் எப்படி இருக்கு?"

"கத்தி மாதிரி இருக்குக்கா" என்றேன். அவருக்கு அதில் அத்தனை திருப்தி.

படத்தில் மட்டும் என்றில்லை. புதுச் சேலையை இரண்டு தரம் துவைத்த பிறகுதான் கட்டுவார், கிறிஸ்துமஸ் சேலையாக இருந்தாலும். கஞ்சி போட்ட சேலையோடு யாராவது வந்தால், ஆள் கழன்றாலும் சேலை தனியாக நிற்கும் என்பார். பேச்சும் அப்படித்தான். அவரிடம் 'கொஞ்சம்' என்று ஒரு சொல் இருந்தது. சங்கடமான எந்த வாக்கியமும் அதைத் தொட்டுக்கொள்ளாமல் வெளியே வராது. மேஸ்திரி ஒரு தடவை சன்ஷேடை ஒரு ஜாண் அதிகமாக நீட்டி வார்த்துவிட்டார். நான் போனை எடுத்தால் அந்த ஆள் அன்றைக்கே கரணையைப் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பார். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மேஸ்திரி, சாப்பிட்டீங்களா? நம்ம சன்ஷேடு கொஞ்சம் ஆசைப்பட்டு ரோட்டுப் பக்கம் வந்திருச்சு போல. அதைக் கொஞ்சம் உள்ள கூப்பிட்டுக்கங்க."

மறுநாள் சன்ஷேடு உள்ளே போய்விட்டது. எங்கள் ஆபீஸில் கெட்ட செய்தி எல்லாவற்றையும் அக்காதான் சொல்வார். கம்பி வரவில்லை, மணல் லாரி நின்றுவிட்டது, வேலையாட்கள் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் அவர் வாயில் புகுந்து வரும்போது நல்ல சேதி மாதிரியே இருக்கும். நான் அதை வைத்துப் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த மென்மை என்னைக் கலங்க வைத்தது. வேலைக்குச் சேரும்போது வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "அவரு கொஞ்சம் தள்ளி இருக்காருங்க" என்று சொல்லியிருந்தார். திருப்பூரோ சிங்கப்பூரோ என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் ஆவூர்க் கோவில் திருவிழாவுக்கு அழைத்தார், போயிருந்தேன். அங்கே அவருடைய நாத்தனார்தான் போகிற போக்கில் சொன்னார். அண்ணன் இன்னொரு குடும்பத்தோடு, அக்கா இருக்கும் அதே ஊரில், இரண்டு தெரு தாண்டிக் குடியிருக்கிறாராம், பல வருடமாக.

திங்கட்கிழமை ஆபீஸில் அக்காவிடம், "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. கொஞ்சம் தள்ளித்தானே இருக்காரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது. அந்த ஆள் மேலும் வந்தது, அக்காவின் மேலும் வந்தது. எதையும் உள்ளபடி சொல்லாமல் இப்படிப் பூசிப் பூசியே ஒருத்தி காலத்தைக் கழிக்க முடியுமா என்று நினைத்தேன். அவர் அதற்குள் திரும்பி உட்கார்ந்து, யாருடைய வீட்டுக்கோ அந்திவெயில் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் படத்தை முதல் பார்வையிலேயே விரும்பிய ஆள் குவைத்தில் இருந்தார். கோட்டைப்பட்டினம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர், குவைத்தில் லாரி ஓட்டுகிறார். அவர்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு ஒரு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். இவருக்கு ஒரே மகள். அறந்தாங்கியில் நல்ல இடம் பேசி முடித்திருந்தார்கள், வீடு முடிந்ததும் நிக்காஹ் என்று ஏற்பாடு. எங்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு வீடியோவில் வந்தார். அவருக்குப் பின்னால் லாரிக் கண்ணாடி வழியாக ஒரே வெள்ளை வெயில்.

"மேடம், எனக்கு வெயில் அடிக்கிற படம் வேணாம். இங்க கண்ணைத் தொறந்தா அதான். மழை பேஞ்சு விட்ட மாதிரி போடுவீங்களா?"

அக்கா தன் டீயை மேசையில் கொட்டிவிட்டார். நாலைந்து நாள் அந்த ஒரு படத்தோடேயே கிடந்தார். ஈர மண், மேகம் மூடிய சாயங்காலம், சமையலறை ஜன்னலில் மட்டும் மஞ்சள் விளக்கு. எல்லாம் போதாதென்று முன்கூடத்தில் ஒரு குடையை விரித்துக் காயவைத்தார். படத்தைப் பார்த்ததும் நான்கூட ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். என் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது என்று அக்காவுக்குத் தெரியும்.

'மாதிரிப் படம்' என்று படத்தின் மேலேயே பெரிதாக எழுதச் சொன்னேன். அது நெற்றியில் சீல் குத்தின மாதிரி இருக்கும் என்று மறுத்துவிட்டு, படத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை விட்டு அதில் அழகாக எழுதினார். நானும் சரி என்றேன். குவைத்துக்காரர் அதைத் தன் மனைவிக்கு அனுப்பினார். மனைவி தன் தங்கைக்கு அனுப்பினார். தங்கை அந்த வெள்ளைப் பட்டையை வெட்டிவிட்டுத் தன் போனில் ஸ்டேட்டஸாக வைத்தார். அதை ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார், இன்னொருவர் அதையும் எடுத்தார். அறந்தாங்கிக்குப் போய்ச் சேரும்போது அக்கா தூவிய மணலெல்லாம் தேய்ந்து, யாரோ மழை விட்ட நேரத்தில் நின்று சாதாரண போனில் எடுத்த போட்டோ மாதிரியே ஆகிவிட்டது. நீல வானமும் அந்தச் சிவப்புக் கார் 'மாப்பிள்ளை'யும் இருந்திருந்தால் ஒருவரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் ஜில்லாவே பழகியிருக்கிறது.

மாப்பிள்ளையின் உம்மா குவைத்துக்கே போன் போட்டுவிட்டார். "மாஷா அல்லாஹ், வீடு முடிஞ்சிருச்சா சம்பந்தி? பாக்கப் பாக்க ஆசையா இருக்கு." அந்த மனிதர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே நிக்காஹ்வுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். இங்கே வீடு ஜன்னல் உயரத்துக்குச் சுவராக நின்றுகொண்டிருந்தது.

பிறகு எனக்குப் போன் வந்தது. எப்படியாவது முடித்துத் தர வேண்டும் என்று கெஞ்சினார். கூரை வார்த்தால் தண்ணீர் கட்டி ஊற வேண்டும், அதன் பிறகு பூச்சு, தரை, கதவு, ஒன்றும் அந்தத் தேதிக்குள் நடக்காது என்றேன்.

"மேடம், ரோட்டுப் பக்கத்துச் செவத்த மட்டும் ஏத்தி, பூசி, பெயின்ட் அடிச்சிரலாமா? படத்துல தெரியிற பக்கம் மட்டும்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா குனிந்து போனுக்கு நேராக, "வேணாங்கண்ணே" என்றார். "படத்துல செய்யலாம். செவத்துல செய்யக் கூடாது."

போனை வைத்த பிறகு நான் அக்காவிடம் கத்தினேன். உங்கள் மழையும் குடையும் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தப்போகிறது என்றேன். வீட்டைப் பற்றிப் பொய் சொன்னார்கள் என்று பேர் வந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் வேறு யார் வருவார்கள்? அக்கா கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் படத்தைத் தன் லேப்டாப்புக்கு மாற்றினார். பெண்ணின் உம்மாவுக்குப் போன் செய்து, நேரில் போய்ச் சொல்லிவிடலாம், நானும் வருகிறேன் என்றார். அந்த அம்மாவும் அழுதுகொண்டேதான் இருந்திருக்கிறார். சரி, தன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் தடுப்பார் என்றாராம்.

மூன்று பேரும் அறந்தாங்கிக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டு ஹாலில் எலுமிச்சை ஜூஸ் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா கனத்த உடம்புக்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். பெண்ணின் உம்மா துப்பட்டியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீடு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார்.

"வீடு முடியலைங்க. செவரு பாதிதான் நிக்குது. நீங்க பாத்தது நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச படம்."

ஒரு கெட்ட செய்தியைக் 'கொஞ்சம்' இல்லாமல் அவர் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து அந்த அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார். ஈர மண்ணும் மஞ்சள் ஜன்னலுமாகப் படம் முழுசாக நின்றது. அக்கா ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். முதலில் மணலை எடுத்தார். ஓரத்துச் சிவப்பை எடுத்தார். மேலே போர்த்தியிருந்த கலங்கலை எடுத்ததும் ஜன்னல் வெளிச்சம் சட்டத்துக்குள் ஓடி ஒடுங்கியது. கறுப்பு மறுபடியும் கறுப்பானது. மேகம் போனது, ஈரம் போனது. தான் பார்த்துப் பார்த்துச் செய்ததையெல்லாம் அக்கா அவிழ்த்துப் போடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான்தான் எப்போதும் இந்தக் கூர்மை வேண்டும் என்று சண்டை போட்டவள். கடைசியில் வண்ணம்கூட இல்லாமல், சாம்பல் நிறத்தில் ஒரு வீட்டின் வடிவம் மட்டும் திரையில் மிஞ்சியது.

"அந்தக் குடை?" என்றார் அந்த அம்மா.

"அதுவும் நான் வச்சதுதாங்க."

"நான் அந்தக் குடையப் பாத்துத்தானே நம்புனேன். ஆளு இல்லாத வீட்டுல குடை காயுமான்னு எம் மவன்கிட்ட கேட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா. என் சின்ன மவன் போன வாரம் அங்கிட்டு பைக்குல போனவன் பாத்துட்டு வந்து சொன்னான். ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்காதேன்னுட்டேன். பொண்ணு வீட்டுல இருந்து வந்து சொல்றாங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நாளைக்கு ஜும்மா வரைக்கும் பாத்துட்டு, வேணாம்னு சொல்லி ஆளு அனுப்பலாம்னு இருந்தேன்."

பெண்ணின் உம்மா அழத் தொடங்கினார். மாப்பிள்ளையின் உம்மா அவரைக் கையமர்த்திவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"நீங்க வந்துட்டீங்க, சரி. ஆனா எங்கிட்ட வீடு முடிஞ்சிருச்சுன்னு சொன்னது அவரு. அவரு வாயில என்ன வருதுன்னு நான் கேக்கணும். யாரும் சத்தம் காட்டாதீங்க."

குவைத்துக்கு மணி அடித்தது. நான் அக்காவைப் பார்த்தேன். கெட்ட செய்தியை எல்லாம் இளக்கி இளக்கிச் சொல்கிற மனுஷி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் இருப்பவரும் தன்னைப் போலவே ஒரு வார்த்தையைப் பூசிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி. வீடு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் போட்டேன்."

சலாத்துக்குப் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஏதோ வண்டிகள் போகும் இரைச்சல் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. பெண்ணின் உம்மா துப்பட்டியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"வீடு முடியல சம்பந்தி." குரல் தேய்ந்து வந்தது. "செவருதான் நிக்குது. அன்னைக்கு நீங்க அம்புட்டுச் சந்தோசமா கேட்டீங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தப்பு என்னோடது. புள்ளையத் தப்பா நெனச்சிராதீங்க, அதுக்கு ஒண்ணும் தெரியாது."

மாப்பிள்ளையின் உம்மா கண்ணை மூடித் திறந்தார்.

"தேதிய மாத்தல. பூசாத வீட்டுலயே நிக்காவ வச்சுக்குவோம். எம் மவன் செவத்தையா கட்டிக்கப் போறான்? வீடு கெடக்கட்டும், நீங்க எப்ப வாரீங்க? பொண்ணக் குடுக்க வாப்பா வேணும்ல."

அந்தப் பக்கம் மனிதர் உடைந்துவிட்டார். அத்தனை பெரிய ஆண்பிள்ளை விக்கி விக்கி அழுகிற சத்தம், ஒரு தெரியாத வீட்டின் ஹால் முழுவதும், ஜூஸ் டம்ளர்களுக்கு நடுவே, ஸ்பீக்கரில் விழுந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்காதான் எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா கையிலிருந்த போனை மெதுவாக எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, அதை அந்த மனிதரின் மனைவியின் காதோரம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்துப் பல வருடம் ஆகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா எங்களைப் பார்த்து வாசல் பக்கம் தலையை அசைத்தார். தன் வீட்டு ஹாலிலிருந்து முதலில் எழுந்து வெளியே போனது மாப்பிள்ளையின் உம்மாதான்.